தொண்டைக்குக் கீழே

அந்தப் பையைக் காலுக்கடியில் வைக்காதீர்கள். புத்தகம்தானே? மடியில் வைத்துக்கொள்ளுங்கள், கால் படக்கூடாது. கனத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இவ்வளவு கனத்துக்கு ஒன்று கருங்கல்லாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நீட் புத்தகமாக இருக்க வேண்டும். மதுரையில் பழைய புத்தகக் கடையில் வாங்கினீர்களா? நல்லதுதான். பழைய புத்தகத்தில் ஏற்கெனவே ஒருவன் கோடு போட்டு வைத்திருப்பான். கோடு போட்டவன் தேறினானா என்று மட்டும் கேட்டு வாங்க வேண்டும்.

பையனுக்கா? நாமக்கல்லில் விடுதியில் தங்கிப் படிக்கிறானா. மூன்றாவது தடவையா. சரி, சரி. முகத்தை ஏன் அப்படி வைத்துக்கொள்கிறீர்கள். உங்கள் நிலைமைதான் எனக்கும். அந்தப் பரீட்சையால் நொந்துபோய்த்தான் நானும் இந்தப் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் பையனுக்குச் சீட்டுக் கிடைக்கவில்லை. என் மகளுக்குக் கிடைத்துவிட்டது.

சிரிக்காதீர்கள். முழுதாகக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். நாமக்கல் வர நேரம் இருக்கிறது, இப்போதுதான் திண்டுக்கல்லே தாண்டியிருக்கிறது. என் கன்னம் வீங்கியிருப்பதையும் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள். அதற்கும் வருகிறேன். எல்லாம் ஒரே விஷயம்தான்.

எனக்குக் கோவில்பட்டி. வேலாயுதப்பெருமாள் என்று பெயர். கடலைமிட்டாய்க் கடை. கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க் கடை வைத்திருக்கிறேன் என்று சொல்வதும் கடலில் உப்பு இருக்கிறது என்று சொல்வதும் ஒன்றுதான், ஆனாலும் சொல்ல வேண்டுமல்லவா. கீழே கடை. மேலே முன்பக்கத்து அறையில் ஒரு பல் டாக்டர் வாடகைக்கு இருந்தார். அதை ஒட்டிப் பின்பக்கம் எங்கள் வீடு. டாக்டருக்கு ஞானதிரவியம் என்று பெயர். தங்கமான மனிதர். படி இறங்கிப் போகும்போதெல்லாம் கடை முன்னால் நின்று, "அண்ணாச்சி, உங்க மிட்டாய் கெட்டியா இருக்கிற வரைக்கும் எனக்குச் சோத்துக்குக் கவலையில்ல" என்பார். கீழே பல்லைக் கடித்து உடைத்துக்கொண்டு மேலே போய்க் கட்டிக்கொள்வார்கள் என்று அர்த்தம். அவர் அதை வேடிக்கையாகச் சொல்வார். நான் யோசித்தேன். ஒரே வாசலில் வருகிற கூட்டம், ஒரே குடும்பத்துக்கு ஏன் வரக்கூடாது?

அவர் மகனோடு இருக்க வெளிநாடு போனபோது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார். நாற்காலியை மட்டும் விட்டுவிட்டார். பல் டாக்டர் நாற்காலி பார்த்திருப்பீர்கள். சாய்கிறது, ஏறுகிறது, தலைக்கு மேலே விளக்கு, பக்கத்தில் துப்புகிற கிண்ணம். அது படியில் இறங்காது. வந்ததே சுவரை இடித்துத்தான் வந்தது. "வச்சுக்கோங்க அண்ணாச்சி, யாருக்காவது ஆகும்" என்றார். அன்றைக்குச் செண்பகலட்சுமி, என் மகள், எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் பையைக்கூட இறக்காமல் போய் அந்த நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். உட்கார வேண்டியது பக்கத்தில் இருக்கிற ஸ்டூலில் என்று சொல்லி மாற்றி உட்கார வைத்தேன். அன்றைக்கே முடிவாகிவிட்டது.

போர்டுகூட எழுதியாயிற்று. டாக்டர் வே. செண்பகலட்சுமி, பி.டி.எஸ். திருஷ்டி படக்கூடாது என்று எழுத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டி வைத்திருந்தேன்.

நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊரில் எல்லாரும் எம்.பி.பி.எஸ்.ஸுக்குத்தான் எழுதுகிறார்கள். அது கிடைக்கவில்லையென்றால் பல்லுக்கு வருகிறார்கள். பந்தியில் வடை தீர்ந்துபோனால் அப்பளத்தை வாங்கிக்கொள்வது மாதிரி. நான் அப்பளத்துக்கென்றே இலை போட்டு உட்கார்ந்தவன். நம் பக்கத்திலேயே ஒரு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காலையில் கல்லூரி பஸ் கடை வாசலில் ஏற்றிக்கொள்ளும், சாயங்காலம் கடை வாசலில் இறக்கிவிடும். பிள்ளை வீட்டுச் சாப்பாடு சாப்பிடும். ஒரு தகப்பனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் ஒரு சங்கடம். ரெண்டுக்கும் ஒரே பரீட்சை. இது சரியா, நீங்களே சொல்லுங்கள். கோச்சிங் சென்டர் ஒன்றில் போய்க் கேட்டேன். "பல்லுக்கு மட்டும் தனியா வகுப்பு உண்டா?" அங்கே இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"சார், பல்லுக்குன்னு தனி சிலபஸ் கிடையாது. எல்லாத்தையும் படிக்கணும்."

"டிபன் கேட்டு வந்தவனையும் முழுச் சாப்பாடு சாப்பிட்டாத்தான் விடுவேன்னு சொல்ற மாதிரில்ல இருக்கு."

"சார், பின்னாடி ஆள் நிக்கிறாங்க."

வந்துவிட்டேன். வெளியாரை நம்பினால் இப்படித்தான் என்று நானே சொல்லிக்கொடுக்க முடிவு செய்தேன். நான் அந்தக் காலத்துப் பி.யூ.சி. கிடையாது. பத்தாம் வகுப்புதான். ஆனால் முப்பது வருஷமாகப் பாகு காய்ச்சுகிறேன். பாகுக்குப் பதம் என்று ஒன்று இருக்கிறது. கொதிக்கிற பாகில் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டு, எடுத்து உடைத்தால் டக்கென்று சத்தம் வர வேண்டும். அதற்கு முன்னால் இறக்கினால் மிட்டாய் பல்லில் ஒட்டும். கொஞ்சம் விட்டால் கருகிக் கசந்துவிடும். மார்க்கும் அப்படித்தான். குறைந்தால் சீட்டு இல்லை. கூடினால் எம்.பி.பி.எஸ். என்று எங்கேயாவது கொண்டுபோய்ப் போட்டுவிடுவான். பதத்தில் இறக்க வேண்டும். இதை எந்தக் கோச்சிங் சென்டரில் சொல்லித்தருகிறார்கள்?

போன வருஷம் சரஸ்வதி பூஜை. எங்கள் வீட்டில் அதுவும் ஆயுத பூஜையும் ஒன்றாகத்தான் நடக்கும். ஒரே பலகையில் இந்தப் பக்கம் அவள் புத்தகங்கள், அந்தப் பக்கம் மிட்டாய் வெட்டுகிற கத்தி, அளவுகோல், கரண்டி. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். மறுநாள் பூஜை பிரித்ததும் நல்ல நேரம் பார்த்து, அந்தக் கத்தியாலேயே அந்தப் புத்தகங்களை வெட்டினேன்.

பதறாதீர்கள். என் மனைவி ராஜகனியும் இப்படித்தான் பதறினாள். "சாமி கும்பிட்ட புஸ்தகத்தை வெட்டுறீகளே, உங்களுக்கு என்ன வந்துச்சு" என்றாள். அளவுகோல் வைத்து, ஓரம் பிசிறாமல்தான் வெட்டினேன். தாவரவியல் முழுதாகப் போயிற்று. பல் டாக்டருக்கு வேரும் இலையும் எதற்கு? இயற்பியலில் ஒளி பற்றிய பாடத்தை மட்டும் வைத்துக்கொண்டேன், நாற்காலிக்கு மேலே விளக்கு இருக்கிறதல்லவா. வேதியியலில் உலோகம், பல் அடைக்கிறதற்கு. விலங்கியல்தான் சிரமமாக இருந்தது. மனித உடம்பு எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று அந்தப் புத்தகம் எழுதினவர்களுக்கே தெரியவில்லை. கடைசியில் தொண்டைக்குக் கீழே எதுவும் வேண்டாம் என்று ஒரு கோடு போட்டுக்கொண்டேன். இரைப்பை, குடல், இதயம், சிறுநீரகம் எல்லாம் கடைக்குப் போயிற்று.

கடைக்குத்தான். வீணாக்கக்கூடாதல்லவா. பாக்கெட் போடும்போது உடைந்த மிட்டாய் மிஞ்சும். அதைக் காகிதத்தில் பொட்டலம் போட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு விற்போம். அதற்கு ஆயிற்று.

செண்பா அப்படிப் பதறவில்லை. வெட்டிக் கொடுத்ததை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். இவ்வளவு லேசாக இருக்கிறதே என்று கையில் தூக்கிப் பார்த்தாள். "சரிப்பா" என்றாள். அந்தக் குணம் இந்தக் காலத்தில் யாருக்கு வரும்?

காலையில் எழுந்ததும் நாற்காலியில் சாய்ந்துகொள்வாள். விளக்கைப் போட்டுவிட்டு நான் ஸ்டூலில் உட்கார்ந்து கேள்வி கேட்பேன். பால் பல் எத்தனை, நிலைப்பல் எத்தனை, கோரைப்பல் எது, பல்லின் எனாமலுக்குக் கீழே என்ன. மனிதனின் பல் சூத்திரம் என்று ஒன்று இருக்கிறது தெரியுமா? இரண்டு, ஒன்று, இரண்டு, மூன்று. மேலேயும் அதே, கீழேயும் அதே. எனக்கு மந்திரம் மாதிரி ஆகிவிட்டது. பாகு கிண்டும்போதுகூட அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டே பதில் சொல்வாள். ஒருநாள் கண்ணைத் திறந்து சொன்னாள்.

"அப்பா, பல்லைப் பத்தி ஒரு கேள்விதான் வரும். சில வருஷம் அதுவும் வராது."

"பல்லைப் பத்திக் கேக்காமப் பல் டாக்டரை எப்படித் தேர்ந்தெடுப்பான்?"

"அதான்ப்பா எனக்கும் தெரியல."

பார்த்தீர்களா, அவளுக்கே அந்த ஆதங்கம் இருந்தது.

இன்னொன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில்தான் அவள் கடைக்கு வர ஆரம்பித்தாள். அதுவரை மிட்டாய் வாடையே ஆகாது என்பாள். பூஜை முடிந்த வாரத்திலிருந்து, பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடைக்கு வந்து, மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் அந்தக் காகிதக் கட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். "பொட்டலம் நான் போடுறேன்ப்பா, நீங்க வியாபாரத்தைப் பாருங்க." அப்பா ஒற்றை ஆளாகக் கஷ்டப்படுகிறாரே என்ற பாசம். வேலையில் வேகம் கிடையாது. ஒவ்வொரு தாளையும் முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். திங்கிற பொருள் வைக்கிறது, சுத்தமாக இருக்க வேண்டுமே என்று அவ்வளவு அக்கறை. ஒரு தாளை எடுத்தால் அரைமணி நேரம் பார்ப்பாள். வாசலில் பிள்ளைகள், "அக்கா, சீக்கிரம் குடுக்கா" என்று கத்தும். எடுத்த தாளைக் கீழே வைத்துவிட்டு, பழைய நியூஸ் பேப்பரில் சுற்றிக் கொடுத்து அனுப்புவாள். "ஏன்ம்மா, அந்தத் தாளுக்கு என்ன?" என்று கேட்டால், "இது தடிமனா இருக்குப்பா, மடிக்க வராது" என்பாள். இயற்பியல் தாள் எல்லாம் மடிக்க வராது என்று சொல்லி ஒதுக்கிவிட்டாள். இரைப்பை ஓரம் கிழிந்திருக்கிறது என்று வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். ராஜகனி ஒருநாள் என்னிடம், "அவ உங்களுக்காகத்தான் கடைக்கு வாரான்னு நினைச்சிக்கிட்டு இருக்கீகளா?" என்று கேட்டாள். தாய்க்காரிக்குப் பொறாமை. மகள் அப்பாவோடு ஒட்டிக்கொண்டாள் என்றால் வருகிறதுதானே.

சில நாள் என்னிடமே பாடம் கேட்பாள். "ஏன்ப்பா, பாகு கொதிச்சு நேரம் ஆகஆகச் சூடு ஏறிக்கிட்டே போகுதே, தண்ணி மட்டும் ஏன் ஒரு அளவுக்கு மேல ஏற மாட்டேங்குது?" நான் சொன்னேன், அதெல்லாம் உனக்கு வேண்டாம், அது எம்.பி.பி.எஸ். கேள்வி என்று.

இந்தப் பல்வலியும் அப்போது வந்ததுதான். இடது பக்கம், கீழே, உள்ளே. முதலில் குத்தல். பிறகு இரவும் பகலும். கிராம்பு வைத்தேன், உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன். ராஜகனி பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள் என்றாள், பஸ்ஸ்டாண்டு டாக்டரிடம் போங்கள் என்றாள். போவேனா? மேலே நாற்காலி இருக்கிறது, கீழே பல் இருக்கிறது, நடுவில் மகள் படித்துக்கொண்டிருக்கிறாள். செண்பா டாக்டராகி அந்த நாற்காலியில் முதன்முதலில் பிடுங்குகிற பல் என்னுடையதாக இருக்க வேண்டும். அதற்கென்று வைத்திருக்கிறேன். கோயிலுக்கு நேர்ந்து விட்ட கிடாவை நடுவில் வேறு யாரும் அறுப்பார்களா? சாப்பாடு எல்லாம் வலது பக்கம்தான். இந்தப் பக்கம் நாக்கால் அணைத்துப் பிடித்துக்கொள்வேன். ஆறு மாதமாக ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. விடவில்லை.

பரீட்சைக்கு அவளை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மூன்று தடவை வாசலில் நின்றிருப்பீர்கள். தோட்டைக் கழற்று, செருப்பு போட்டு வா, அரைக்கை போட்டு வா. அவள் கழற்றிக் கொடுத்த தோட்டை நான் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கேட்டுக்குள் போகிறவளைக் கூப்பிட்டு, கடைசியாகச் சொன்னேன்.

"தப்பா எழுதினா மார்க்கைக் கழிப்பான். எழுதாம விட்டா கழிக்க மாட்டான். இயற்பியல் பக்கம் போகவே போகாதே. தொண்டைக்குக் கீழே எது வந்தாலும் விட்டுரு."

"சரிப்பா."

"பல்லை மட்டும் விட்டுராதே."

"விடமாட்டேன்ப்பா."

பக்கத்தில் நின்ற ஒரு அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவள் பிள்ளைக்கு எல்லாவற்றையும் எழுதச் சொல்லி அனுப்பியிருப்பாள். ஆசை.

ரிசல்ட் வந்தது. நான் பாகு கிண்டிக்கொண்டிருந்தேன். ராஜகனி மேலேயிருந்து ஓடிவந்தாள், பின்னாலேயே தெருவும் வந்தது. மார்க்கைச் சொன்னார்கள். எனக்குக் கையிலிருந்த துடுப்பு நின்றுவிட்டது. அடி பிடித்துவிட்டது, ஒரு சட்டி முழுக்கப் பாகு போயிற்று. அவ்வளவு மார்க். பதம் எங்கே இருக்கிறது, இவள் எங்கே போய் நிற்கிறாள்? சால்வை போட்டார்கள். எங்கள் சங்கத்துக்காரர்கள் முக்கில் ஃபிளெக்ஸ் கட்டினார்கள். அன்றைக்கென்று பல்வலி உச்சத்தில் இருந்தது. கன்னத்தில் கையை வைத்து உட்கார்ந்திருந்தேன். பேப்பர்க்காரன் அப்படியே படம் பிடித்து, 'ஆனந்தத்தில் வாயடைத்துப்போன தந்தை' என்று போட்டுவிட்டான்.

எல்லாரும் போன பிறகு கேட்டேன். கோபிக்கவில்லை, சும்மா கேட்டேன்.

"இயற்பியலை விட்டுரச் சொன்னேன்ல?"

"தெரிஞ்ச கேள்வியா இருந்துச்சுப்பா. தெரிஞ்சதை எப்படி விட?"

"அது எப்படித் தெரிஞ்சுச்சு?"

தலையைக் குனிந்துகொண்டாள். கூச்சம். சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே அறிவு வந்துவிடுகிறது. அதற்கு நாம் என்ன செய்ய முடியும்? நான் வெட்டியும் பிரயோஜனமில்லை.

அப்போதும் நான் நம்பிக்கையை விடவில்லை. கவுன்சலிங் இருக்கிறது, அங்கே கேட்டுப் பல்லுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தேன். கம்ப்யூட்டர் என்ன செய்தது தெரியுமா? எம்.பி.பி.எஸ்.ஸில் போட்டு, அதிலும் சேலத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டது. திருநெல்வேலியில் கல்லூரி இருக்கிறது, தூத்துக்குடியில் இருக்கிறது, மதுரையில் இருக்கிறது, விருதுநகரில் இருக்கிறது. கல்லெறிகிற தூரத்தில் இத்தனை கல்லூரி இருக்கும்போது சேலம். கம்ப்யூட்டருக்கு ஊர் உறவு எங்கே தெரிகிறது? செண்பாவுக்கு மனசு கேட்கவில்லை. "கம்ப்யூட்டரைத் திட்டாதீங்கப்பா. நான்தான் கேட்டேன்" என்றாள். அவள் எப்போதும் அப்படித்தான், தப்பு செய்தவர்களைக் காட்டிக்கொடுக்க மாட்டாள். சின்ன வயதில் கடையில் வேலை பார்த்த பையன் ஜாடியை உடைத்தபோதும் நான்தான் உடைத்தேன் என்று வந்து நின்றவள்.

"பக்கத்துல எல்லாம் இடமிருக்க சேலத்தையா கேட்டே?"

"சேலமும் தமிழ்நாடுதானேப்பா."

பாவம், என்னைத் தேற்றுகிறாள்.

என்ன கேட்டீர்கள்? மாணவர்கள்தான் வரிசையாகக் கல்லூரியைக் கேட்க வேண்டுமா? உங்கள் பையன் விஷயம் வேறு. அவனுக்குக் கவுன்சலிங்வரை போகிற வாய்ப்பே வரவில்லையே, உங்களுக்கு எப்படித் தெரியும்? கோபித்துக்கொள்ளாதீர்கள். பேச்சுவாக்கில் வந்தது.

புறப்படுகிற அன்றைக்கு ஒன்று நடந்தது. பெட்டியெல்லாம் கீழே போய்விட்டது. அவள் நாற்காலி அறைக்கு வந்து, "உக்காருங்கப்பா" என்றாள். நானா? நான் அதுவரை அதில் உட்கார்ந்ததே இல்லை. உட்கார்ந்தேன். சாய்த்தாள். விளக்கைப் போட்டாள். "வாயைத் திறங்க." திறந்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து குனிந்து பார்த்தாள். அவள் முகம் அவ்வளவு பக்கத்தில் வந்து ரொம்ப வருஷம் ஆகியிருந்தது. எட்டாம் வகுப்பிலிருந்து நான் நினைத்துக்கொண்டிருந்த காட்சி அப்படியே.

"அப்பா, இது நல்லா இல்ல. ஈறெல்லாம் பழுத்திருக்கு. நாளைக்கே போய் எடுத்துருங்க."

"நீ எடு."

"எனக்குத் தெரியாதுப்பா."

"படிச்சிட்டு வந்து எடு. நான் வச்சிருக்கேன்."

விளக்கை அணைத்துவிட்டாள். "நான் அதைப் படிக்கப் போகலப்பா" என்றாள். "படிக்கவும் மாட்டேன். பிடுங்கிருங்க." பயணம் புறப்படுகிற பதற்றம். பிள்ளைகள் அப்படி ஏதாவது சொல்லும். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். நாற்காலியிலிருந்து எழுந்திருக்கத்தான் கொஞ்சம் சிரமமாக இருந்தது. சாய்த்தவள் நிமிர்த்தாமல் கீழே போய்விட்டாள்.

அவள் போன பிறகு ஒரு பெண் வந்தாள். அருப்புக்கோட்டைக்காரி. பல் மருத்துவம் படித்து முடித்துவிட்டு இடம் தேடிக்கொண்டிருக்கிறாளாம். நாற்காலியோடு அறை சும்மா கிடக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "ஐயா, வாடகைக்குத் தருவீங்களா?" என்றாள். "சும்மா கிடக்கலை. அதுக்கு ஆள் இருக்கு" என்றேன். அவள் என் கன்னத்தைப் பார்த்தாள். "ஒரு நிமிஷம் உக்காருங்க ஐயா, பார்த்துட்டுப் போறேன். காசெல்லாம் வேண்டாம்." நான் வாயை மூடிக்கொண்டேன். ஊரார் பிள்ளை. எவ்வளவு தைரியம் பாருங்கள், அடுத்தவளுக்கென்று வைத்திருக்கிற பல்லில் கை வைக்க வருகிறாள். ராஜகனி அவளை உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்து அனுப்பினாள். இவளுக்கு எல்லாரும் வேண்டும்.

இப்போது எதற்குச் சேலம் போகிறேன் என்றுதானே கேட்கிறீர்கள். டீனைப் பார்க்கப் போகிறேன். யோசனை ரொம்பச் சுலபம். ரயிலில் லோயர் பெர்த்தை மாற்றிக்கொள்கிறோம் இல்லையா? வயசானவர் வந்து கேட்டால் எவனாவது எழுந்து மேலே போகிறானா இல்லையா? பல்லுக்குப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லையே என்று அழுதுகொண்டுதானே படிக்கும். அதில் ஒரு பிள்ளையை இங்கே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, என் பிள்ளையை அங்கே அனுப்பினால் முடிந்தது. ரெண்டு குடும்பத்துக்கும் சந்தோஷம். இதைக் கேட்க இதுவரை யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். அடுத்த வாரம் சரஸ்வதி பூஜை வேறு வருகிறது. போனில் கேட்டேன், லீவுக்கு வர முடியாது என்கிறாள். பலகையில் வைக்க இந்த வருஷம் புத்தகம் கிடையாது. கத்தி மட்டும்தான். நேரில் போய்க் கூப்பிட்டால் வருவாள். டீன் முடியாது என்றாலும் பல்லைக் காட்டினால் வருவாள். இந்த வீக்கத்தைப் பார்த்துவிட்டு எந்தப் பிள்ளை இருந்துவிடும், சொல்லுங்கள். அதனால்தான் மாத்திரைகூடப் போடாமல் வந்திருக்கிறேன்.

அவளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள்.

கரூர் தாண்டியாயிற்று. நீங்கள் இறங்குகிற இடம் வரப்போகிறது. இருங்கள், பேச்சில் மறந்தேவிட்டேன். இந்தாருங்கள், உங்கள் பையனுக்கு. செண்பாவுக்கென்று எடுத்து வந்தது, நிறைய இருக்கிறது. அவள் வேண்டாம் என்று சொன்னாலும் சொல்வாள். நீங்கள் ஒன்று சாப்பிடுங்கள். கடித்துப் பாருங்கள். டக்கென்று உடைந்ததா? அதுதான் பதம். பல்லில் ஒட்டவில்லையே? என்ன, உங்களுக்கு ஒட்டுகிறதா? இருக்காது. நேற்றுப் போட்டது. நான் இல்லாமல் ராஜகனி இறக்கினாளோ என்னவோ. கொடுங்கள், பார்க்கிறேன்.

ம். சரியாகத்தானே

இருங்கள்.

ஒன்றுமில்லை. இருங்கள். இந்தப் பக்கம் கடித்துவிட்டேன். பேச்சு சுவாரசியத்தில் நாக்கை எடுத்துவிட்டேன்.

பாருங்கள். மிட்டாயோடு வந்துவிட்டது.

இவ்வளவு சின்னதா? உள்ளே இருக்கும்போது இந்தப் பஸ் அளவுக்கு இருந்தது. வலிக்கவில்லை. அதுதான் ஆச்சரியமாக இருக்கிறது, கொஞ்சம்கூட வலிக்கவில்லை. தண்ணீர் இருக்கிறதா? ஜன்னல் பக்கம் கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள், துப்ப வேண்டும்.

நன்றி. போதும்.

வீக்கம் இருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள். இருக்கிறதா? சேலம் போகிறவரைக்கும் இருக்குமா? இல்லை, வடிந்துவிடுமோ என்று பார்த்தேன்.

நீங்கள் இறங்குங்கள், நாமக்கல் வந்துவிட்டது. பையை எடுத்துக்கொள்ளுங்கள். பையனிடம் கோபப்படாதீர்கள். பாவம், நீங்கள் போனால் பார்க்கிற தூரத்தில்தான் இருக்கிறான். ஒரு நிமிஷம். கண்டக்டர், ஒரு நிமிஷம் இருப்பா, சார் இறங்குகிறார். இதை அவளிடம் சொல்லும்போது நம்ப மாட்டாள். வழியில் யாரிடமாவது காட்டிப் பிடுங்கிக்கொண்டு வந்தேன் என்று நினைப்பாள். நான் யாரிடமும் காட்டவில்லை. கடைசிவரை பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். தானாகத்தான் போயிற்று. நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்தீர்கள்தானே?